ஒரு குழந்தையின் இரத்தம் சொன்ன செய்தி



கிராஞ்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? சிலருக்கு 2024-ஆம் ஆண்டுவரை அங்கே நடந்துவந்த குதிரைப் பந்தயம் நினைவுக்கு வரும். சிலருக்கு நீர்த்தேக்கமும், அதைச் சுற்றியுள்ள பண்ணைகளும் நினைவுக்கு வரும். ஆனால் பெரும்பாலோர்க்கு முதலில் தோன்றுவது, மேட்டின்மீது அமைதியாக நிற்கும் போர் நினைவிடந்தான். 1957-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட அந்நினைவிடத்தின் சுவர்களில், கல்லறைகூட இன்னதென்று தெரியாமல் மறைந்துபோன 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியப் படையைச் சேர்ந்தவர்கள் அவர்களுள் ஏராளம். நேப்பாள மலைநாட்டிலிருந்து வந்த கூர்க்கா வீரர்களும் உண்டு. அந்தச் சுவர்களின்முன் நிற்கும்போது, அவர்களுடைய வீரத்தை எண்ணிப் பார்க்கின்றோம். அவர்களுடைய உடலில் ஓடிய இரத்தத்தைப்பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிராஞ்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. கெராஞ்சி என்ற புளிப்புக் கனி தரும் மரத்தின் பெயரே அந்த இடத்துக்குப் பெயராயிற்று என்பர். அங்கே ஓடிய ஆறு கடலில் கலக்கும் இடமெங்கும் கண்டல் காடும் சேறுமாக இருந்தது. 1975-ஆம் ஆண்டில் ஆற்றின் வாயை அடைத்து நீர்த்தேக்கம் ஆக்குவதற்கு முன்னர், கடல்நீர் அங்கே ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. இத்தகைய உவர்நீரில் முட்டையிட்டுப் பெருகும் கொசு இனம் ஒன்று உண்டு. சிங்கப்பூரின் கரையோரங்களில் மலேரியாவைப் பரப்பிய கொசு அதுதான். உள்நாட்டு ஓடைகளில் வளர்ந்த இன்னோர் இனமும் அதற்குத் துணை நின்றது. பல்லாண்டு உழைப்புக்குப் பிறகு, 1982-ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரை மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

போர்வீரர் ஒரு பக்கம், கொசு ஒரு பக்கம். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இரத்தத்தில் இருக்கிறது. அந்தத் தொடர்பைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஒரு மருத்துவரைப்பற்றித்தான் இன்று நாம் பேசவிருக்கின்றோம். அவர் பெயர் டேவிட் வெதரால். உலகம் போற்றிய மரபணு மருத்துவ அறிஞர். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை தொடங்கியது ஆக்ஸ்போர்டில் அன்று; நம்முடைய சிங்கப்பூரில்தான் தொடங்கியது.

வெதரால் 1933-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பயின்று 1956-இல் தேறினார். அந்நாளில் இங்கிலாந்து இளைஞர்கள் எல்லாரும் இரண்டாண்டுக்காலம் கட்டாயப் படைப்பணி ஆற்றவேண்டும். தமக்குப் போர் என்றாலும் பாம்பு என்றாலும் விமானப் பயணம் என்றாலும் அச்சம். ஆகவே உள்நாட்டிலேயே இருக்க விடுங்கள் என்று கேட்டுக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே கூறியிருக்கிறார். இராணுவமோ அவரைக் காடும் கலகமும் நிறைந்திருந்த மலாயாப் பக்கம் அனுப்பி வைத்தது! 1958 முதல் 1960 வரை அவர் இப்பகுதியில் பணியாற்றினார். சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனையில், படைவீரர்களின் குழந்தைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குழந்தை மருத்துவத்தில் அவர் தனிப்பயிற்சி பெற்றவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த வார்டில் ஒரு சிறு பெண் குழந்தை இருந்தது. தந்தை கூர்க்காப் படைவீரர். வயது இரண்டளவில்தான் இருக்கும். அந்தக் குழந்தை வெளிறிப்போய்க் கிடந்தது. இரத்தம் ஏற்றினால் சில வாரங்கள் முகம் தெளியும். பிறகு மீண்டும் வெளிறிவிடும். மறுபடியும் இரத்தம் ஏற்றவேண்டும். என்ன நோய் என்று யாருக்கும் விளங்கவில்லை. சத்துக்குறைவா, குடற்புழுவா, மலேரியாவா? எதுவும் பொருந்தி வரவில்லை.

இளைஞரான வெதரால் அந்தக் கேள்வியை விட்டுவிட மனமில்லாமல் நூல்களைப் புரட்டினார். தலசீமியா என்னும் நோய் அவர் கண்ணில் பட்டது. 1925-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்னும் குழந்தை மருத்துவர் முதன்முதலில் விவரித்த நோய் அது. கிரேக்க, இத்தாலியக் குடும்பங்களின் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டதால், கடல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். மத்தியதரைக் கடல் ஓரத்து மக்களின் நோய் என்ற எண்ணமே அந்நாளில் ஓங்கியிருந்தது. கடலையே காணாத இமயமலைச் சாரலில் தோன்றிய ஒரு குடும்பத்துக் குழந்தைக்கு அந்த நோய் எப்படி வரும்?

ஐயத்தைத் தீர்க்க ஆய்வுக்கூடம் வேண்டும். சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் வெல்லா என்ற உயிர்வேதியியல் அறிஞர் இருந்தார். இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளின் வகைகளைப்பற்றி ஆராய்ந்து வந்தவர். வெதரால் அவரை நாடினார். மருத்துவமனை வேலை முடிந்தபின் இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கருவிகள் என்ன தெரியுமா? வடிதாள், கார் பேட்டரி! நனைத்த தாளில் ஒரு சொட்டு ஹீமோகுளோபினை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், வெவ்வேறு வகை ஹீமோகுளோபின் வெவ்வேறு வேகத்தில் நகரும். நின்ற இடத்தைக் கொண்டு வகையை அடையாளம் காணலாம். குழந்தைக்கு இருந்தது தலசீமியாவே என்று தெரியவந்தது. பெற்றோரிடமிருந்து மரபுவழியாக வந்த நோய் அது.

இருவரும் இதைக் கட்டுரையாக்கி அனுப்பினார்கள். 1960-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் புகழ்பெற்ற ஏட்டில், ஒரு கூர்க்காக் குடும்பத்தில் தலசீமியா என்னும் பொருள்பட்ட தலைப்போடு அது வெளிவந்தது. இளம் மருத்துவர் மகிழ்ந்திருப்பார் அல்லவா? மகிழ்ச்சி நிலைக்கவில்லை. மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. இராணுவத்தின் மிகச் சிறந்த படைப்பிரிவு ஒன்றில் கெட்ட மரபணு இருக்கிறதென்று போர்த்துறையின் அனுமதி பெறாமல் ஊரறிய எழுதியது பெருங்குற்றம்; இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படவேண்டிய அளவுக்குக் குற்றம் என்று கண்டித்தார்கள். நல்ல வேளையாக, கண்டிப்போடு நின்றுவிட்டது.

நேயர்களே, இந்த நிகழ்ச்சியைக் கேட்டு நாம் சிரித்துவிடலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த அதிகாரி என்ன நினைத்தார்? இரத்தத்தில் ஒரு குறை இருந்தால் அது பரம்பரைக்கே இழுக்கு. வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தார். நம் வீடுகளிலும் இதே எண்ணம் இல்லையா? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், பாட்டிக்கு இருந்த நோயைப்பற்றி, இளவயதிலேயே இறந்துபோன சித்தப்பா மகனைப்பற்றி நாம் வாய் திறப்போமா? ஊர் என்ன சொல்லும் என்று மூடிவைப்போம். அந்த அதிகாரியின் நெஞ்சில் இருந்த அச்சமும் நம் நெஞ்சில் இருக்கும் அச்சமும் ஒன்றே. வெதரால் தம் வாழ்நாளெல்லாம் செய்த ஆராய்ச்சி, அந்த அச்சம் பொருளற்றது என்பதைக் காட்டிற்று. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். ஹீமோகுளோபின் என்பது நாம் மூச்சிழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் பொருள். அதில் இருவகைப் புரதச் சங்கிலிகள் உண்டு. ஆல்ஃபா என்பது ஒன்று, பீட்டா என்பது மற்றொன்று. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா சேர்ந்தால் ஒரு முழு ஹீமோகுளோபின். இவற்றைச் செய்வதற்கான குறிப்பு நம் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மரபணுவிலும் ஒன்று தந்தை வழியாகவும் ஒன்று தாய் வழியாகவும் வருகின்றது. குறிப்பில் பிழை நேர்ந்தால், ஒருவகைச் சங்கிலி குறைவாகவே உண்டாகும், அல்லது உண்டாகாமலே போகும். அதுவே தலசீமியா.

வெதரால் 1960-இல் அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே ஜான் கிளெக் என்பவரோடு ஏற்பட்ட கூட்டுறவு பல்லாண்டு நீடித்தது. கதிரியக்க முத்திரையிட்ட பொருள்களைக் கொண்டு, நோயாளியின் இளம் சிவப்பணுக்கள் எவ்வளவு ஆல்ஃபா செய்கின்றன, எவ்வளவு பீட்டா செய்கின்றன என்று அளந்தார்கள். அதன் முடிவு 1965-ஆம் ஆண்டு நேச்சர் ஏட்டில் வெளிவந்தது. இரு சங்கிலிகளின் உற்பத்தியும் சமமில்லாமல் போவதுதான் தலசீமியாவின் அடிப்படை என்பதை அந்த அளவீடுகள் எடுத்துக்காட்டின.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். செருப்புக் கடை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். இடக்கால் செருப்பு ஏராளமாகச் செய்யப்படுகிறது. வலக்கால் செருப்புச் செய்பவரோ நூற்றுக்கு ஒன்று இரண்டுதான் செய்கிறார். விற்பனைக்கு ஜோடி கிடைக்காது. அது ஒரு நட்டம். மிஞ்சிய இடக்கால் செருப்புகள் மலைபோலக் குவிந்து கடையில் நடக்கவும் இடமில்லாமல் செய்துவிடும். இது மற்றொரு நட்டம். பீட்டா தலசீமியாவில் நடப்பதும் இதுதான். துணை கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் உயிரணுவுக்குள்ளேயே படிந்து அதைச் சிதைத்துவிடுகின்றன. எலும்பு மச்சையில் பிறக்கும் சிவப்பணுக்கள் முதிர்வதற்கு முன்னரே அழிந்துபோகின்றன. இழப்பை ஈடுசெய்ய மச்சை விரிந்து பெருகுகிறது, முக எலும்பு புடைக்கிறது, மண்ணீரல் வீங்குகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறுவகை ஹீமோகுளோபின் இருப்பதால் பிறக்கையில் நோய் தெரிவதில்லை. சில மாதங்கள் சென்றபின் பீட்டா வேலைக்கு வரவேண்டிய நேரத்தில்தான் குழந்தை வெளிறத் தொடங்குகிறது.

ஆல்ஃபா சங்கிலி குறைவதால் வரும் நோயும் உண்டு. அது நம் தென்கிழக்காசியாவில் மிகுதி. ஆல்ஃபா முற்றிலும் இல்லாவிட்டால், குழந்தை உடல்வீங்கி, வயிற்றிலேயோ பிறந்த உடனேயோ இறந்துவிடும். 1974-ஆம் ஆண்டில், இத்தகைய குழந்தைகளிடம் ஆல்ஃபா மரபணுவே காணாமற்போயிருக்கிறது என்பதை வெதராலின் குழு உள்ளிட்ட ஆய்வாளர்கள் மெய்ப்பித்தார்கள். மனித நோய் ஒன்றுக்கு மரபணு அடியோடு நீங்கிப்போனதே காரணம் என்று முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்பொழுதுதான். அதே ஆண்டில் அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியரானார்.

இனிக் கொசுவின் கதைக்கு வருவோம். உயிரைக் குடிக்கும் இத்தகைய மரபணு, தலைமுறை தலைமுறையாக அழிந்தல்லவா போயிருக்கவேண்டும்? ஏன் இத்தனை கோடி மக்களிடம் நிலைத்திருக்கிறது? 1949-ஆம் ஆண்டில் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். இவர் பின்னர் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். பழுதான மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் கடும் நோய். ஒன்றுமட்டும் இருந்தால் ஆள் நலமாகவே இருப்பார். அப்படி ஒன்றுமட்டும் உடையவர்களை மலேரியா எளிதில் கொல்ல முடிவதில்லை போலும் என்றார் ஹால்டேன். மலேரியா நிறைந்த நாடுகளில் அந்த மரபணு பெருகி நின்றதற்கு இதுவே காரணம் என்பது அவர் ஊகம்.

ஊகத்தை உண்மையென்று காட்டச் சான்று வேண்டும் அல்லவா? வெதராலும் அவருடைய மாணவர்களும் பசிபிக் தீவுகளை ஆய்வுக்களமாகக் கொண்டார்கள். மலேரியா எங்கே மிகுதியோ அங்கே ஆல்ஃபா தலசீமியாவும் மிகுதி, மலேரியா குறையக் குறைய அதுவும் குறைகிறது என்று 1986-இல் வெளியிட்டார்கள். பாப்புவா நியூகினியில் நடந்த ஆய்வு, அந்த மரபணு உடைய குழந்தைகளைக் கடும் மலேரியா குறைவாகவே தாக்குகிறது என்று 1997-இல் காட்டிற்று. தமிழ்நாட்டுப் பக்கமும் இதற்கு ஓர் இணை உண்டு. மலேரியாவுக்குக் கேடயமாக நிற்கும் இன்னொரு மரபணுவாகிய அரிவாள் வடிவச் சிவப்பணுவை, நீலகிரிப் பழங்குடி மக்களிடம் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் கண்டு 1952-இல் வெளியிட்டார்கள்.

ஆகவே நேயர்களே, அந்த அதிகாரி கெட்ட மரபணு என்று சொன்னாரே, அது கெட்டதன்று. ஒரு காலத்தில் நம் முன்னோர்களைக் காய்ச்சலிலிருந்து காத்து நம்மை இவ்வுலகுக்குக் கொண்டுவந்த கேடயம் அது. கண்டல் காட்டிலும் நெல்வயல் ஓரத்திலும் கொசுவோடு வாழ்ந்த தாத்தாவின் தாத்தா, அந்த ஒன்று இருந்ததால் பிழைத்திருக்கலாம். கொசு போய்விட்டது. கேடயம் மட்டும் இரத்தத்தில் தங்கிவிட்டது. கேடயம் உடைய இருவர் மணந்துகொள்ளும்போதுதான் குழந்தைக்குத் துன்பம் நேர்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சிங்கப்பூரில் இக்கருத்தை ஒட்டிய இன்னொரு வரலாறும் உண்டு. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடும் மலேரியாவோடு தொடர்புடையதே. பிறந்த சில நாட்களில் கடும் மஞ்சள் காமாலை கண்டு, மூளை பாதிக்கப்பட்டு இறந்த குழந்தைகள் ஒரு காலத்தில் இங்கே பலர். அந்தக் குறைபாடுதான் முக்கியக் காரணம் என்பதையும், அந்துருண்டையின் வாடையும் சில மூலிகை மருந்துகளும் அதைத் தூண்டிவிடும் என்பதையும் பேராசிரியர் வோங் ஹொக் பூன் எடுத்துக்காட்டினார். 1965 முதல், பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கும் முறை இங்கே வந்தது. யாரும் அதை இழிவென்று கருதவில்லை. இன்று நம் வீட்டுக் குழந்தைக்கு அந்தக் குறை உண்டென்றால், அந்துருண்டையை எடுத்து எறிந்துவிட்டு அமைதியாக இருக்கின்றோம். தெரிந்துகொண்டதால் கிடைத்த நன்மை அது.

வெதராலின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். அவர் வெறும் ஆய்வுக்கூட அறிஞராக இருந்துவிடவில்லை. அவர் எழுதிய தலசீமியா நோய்களைப்பற்றிய பெருநூல் 1965-இல் முதலில் வெளிவந்து, 2001-இல் நான்காம் பதிப்பைக் கண்டது. உலகெங்கும் இத்துறை மருத்துவர்கள் கைநூலாகக் கொண்ட நூல் அது. மூலக்கூறு உயிரியலை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவரவேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காக 1989-இல் ஆக்ஸ்போர்டில் மூலக்கூறு மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 2000-ஆம் ஆண்டு அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1987-இல் சர் பட்டம் பெற்றார். 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ்கர் அறக்கட்டளை அவருக்குத் தன் சிறப்பு விருதை அளித்தது. விருதுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவற்றுள், வளரும் நாடுகளில் தலசீமியாவால் துன்புறும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் சிகிச்சையை மேம்படுத்தியதும் ஒன்று.

இந்த நோய் பெரும்பாலும் ஏழை நாடுகளில் இருக்கிறது. ஆராய்ச்சியோ பணக்கார நாடுகளில் இருக்கிறது. இந்த முரண்பாடு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. உலகில் ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கடுமையான ஹீமோகுளோபின் கோளாறுகளோடு பிறக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுள் மிகப் பலர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பிறக்கிறார்கள். மரபணு அறிவியலின் பயன் ஏழை நாடுகளுக்கும் கிட்டவேண்டும் என்று வற்புறுத்தும் அறிக்கை ஒன்றை உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 2002-இல் உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

நமக்கு அண்மையிலுள்ள இலங்கையில் அவர் செய்த பணியைத் தனியே குறிப்பிடவேண்டும். குருணாகல் நகரில் உள்ள தலசீமியா நிலையத்தில் இலங்கை மருத்துவர்களோடும், கனடாவைச் சேர்ந்த நான்சி ஒலிவியரி அவர்களோடும் சேர்ந்து நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ஹீமோகுளோபின் இ என்னும் வகையோடு பீட்டா தலசீமியா சேர்ந்து வருவது ஆசியாவில் மிகுதி. ஒரே மரபணுப் பிழை இருந்தும் ஒரு குழந்தை தளர்ந்து கிடக்கிறது, இன்னொரு குழந்தை பள்ளிக்கூடம் சென்று விளையாடுகிறது. ஆகவே, இரத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவசரப்பட்டு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றத் தொடங்கிவிடக் கூடாது. குழந்தை வளர்கிறதா, ஓடியாடுகிறதா என்று சில காலம் பார்த்து முடிவு செய்யவேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். இரத்தமும் மருந்தும் அரிதாக உள்ள நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஏனெனில், இரத்தம் ஏற்றுவதோடு தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. ஏற்றும் ஒவ்வொரு புட்டி இரத்தத்தோடும் இரும்பு உடலில் சேர்கிறது. வெளியேற வழியில்லாமல் அது இருதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடும். அதை நீக்க, இரவெல்லாம் வயிற்றுத் தோலின்கீழ் ஊசி பொருத்திச் சிறு இயந்திரத்தால் மருந்து செலுத்தும் முறை 1970-களில் பரவியது. எத்தனை குழந்தைகள் அந்த ஊசியோடு உறங்கினார்கள்! பின்னர் வாய்வழி மருந்துகள் வந்தன. பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் நோயைக் குணப்படுத்தலாம். 2023-ஆம் ஆண்டு நவம்பரில், நோயாளியின் சொந்த உயிரணுக்களில் மரபணுவைத் திருத்தி மீண்டும் செலுத்தும் சிகிச்சைக்கு இங்கிலாந்து அனுமதி வழங்கியது. ஆனால் அதன் விலை எளியோர்க்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அப்படியானால் எல்லாருக்கும் எட்டக்கூடிய வழி எது? முன்கூட்டியே தெரிந்துகொள்வதே. சைப்பிரஸ் என்னும் சிறு தீவில் ஒரு காலத்தில் இந்நோய் மிகப் பரவியிருந்தது. மணம் செய்துகொள்வோர் முன்னதாக இரத்தச் சோதனை செய்துகொள்ளும் வழக்கம் அங்கே வேரூன்றியது; தேவாலயங்களும் ஒத்துழைத்தன. கடும் நோயோடு பிறக்கும் குழந்தைகளின் தொகை மிகமிகக் குறைந்துவிட்டது.

நம் சிங்கப்பூரிலும் வசதி உண்டு. தேக்காவுக்குப் பக்கத்தில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை அறியாதவர் உண்டா? நம்மில் எத்தனையோ பேர் பிறந்த இடம் அல்லவா அது! 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அந்த மருத்துவமனையில் 1992-ஆம் ஆண்டு தேசியத் தலசீமியாப் பதிவகம் தொடங்கப்பட்டது. ஒருவருக்கு இந்த மரபணு உண்டென்று தெரிந்தால், குடும்பத்தாரையும் சோதித்துக்கொள்ளச் சொல்லி வழிகாட்டுகிறார்கள். சிங்கப்பூர் மக்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இம்மரபணுவைத் தாங்கியிருக்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை.

இந்தக் கணக்கை நாம் நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். தாய் தந்தை இருவரும் பழுதான பீட்டா மரபணு ஒன்றைத் தாங்கியவர்களானால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றின்போதும் கடும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது, ஆகவே இனி அச்சமில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் முறையும் அதே நான்கில் ஒன்றுதான். ஒருவர் மட்டும் தாங்கியவரானால் எந்தக் குழந்தைக்கும் அந்தக் கடும் நோய் வராது.

இங்கே நம் சமுதாயத்துக்கென்று ஒரு செய்தி உண்டு. தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பதும், அத்தை மகனை மணப்பதும் நம்மிடையே நெடுங்கால வழக்கம். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. ஆனால் மரபணுக் கணக்கு வேறு. முன்பின் அறியாத ஒருவரை மணந்தால் அவரும் இம்மரபணுவைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று அளவே. தாய்மாமன் தாங்கியவரானால், அவருடைய அக்காள் மகளும் அதைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று! அத்தை பிள்ளை மாமன் பிள்ளை என்றால் எட்டில் ஒன்று. சொந்தத்தில் மணம் செய்யவே கூடாது என்று நாம் கட்டளையிடவில்லை. செய்வதானால் முன்னதாக இருவரும் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்கிறோம்.

சோதனை பெரிய காரியமன்று. சாதாரண இரத்தச் சோதனையில் சிவப்பணுக்கள் வழக்கத்துக்குச் சிறியனவாக இருந்தால் ஐயம் எழும். பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். வெதரால் கார் பேட்டரியை வைத்துக்கொண்டு செய்தாரே, அதன் வளர்ந்த வடிவந்தான். தேவைப்பட்டால் மரபணுவையே பார்ப்பார்கள். இரத்தசோகை என்று சொல்லி ஆண்டுக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை உண்டும் தேறாத பெண்கள் சிலர் உண்மையில் தலசீமியா மரபணுவைத் தாங்கியவர்களாக இருப்பதும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது விளக்கமே. மேலும் மாத்திரை அன்று.

இருவரும் தாங்கியவர்கள் என்று தெரிந்தால் என்ன செய்வது? மணத்தை நிறுத்தவேண்டும் என்பதில்லை. கருவுற்ற தொடக்கத்திலேயே குழந்தையின் மரபணுவைச் சோதித்தறிய வழி உண்டு. 1982-இல் இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் வெதராலின் ஆக்ஸ்போர்டுக் குழுவும் ஒன்று. தெரிந்துகொண்டபின் என்ன முடிவு செய்வது என்பது கணவன் மனைவி இருவரின் உரிமை. அதில் மாமியாருக்கும் ஊராருக்கும் இடமில்லை. முக்கியமாக, குழந்தை நோயோடு பிறந்தால் மருமகளைமட்டும் குறைசொல்லும் வழக்கம் ஒழியவேண்டும். ஒரு மரபணு தாயிடமிருந்து வந்தது என்றால், மற்றொன்று தந்தையிடமிருந்து வந்ததுதானே?

சர் டேவிட் வெதரால் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் தம் 85-ஆம் வயதில் மறைந்தார். அறுபதாண்டுக்கால ஆராய்ச்சி, நூற்றுக்கணக்கான மாணவர்கள், அவர் பெயர் தாங்கிய நிலையம் எல்லாவற்றுக்கும் வித்து, சிங்கப்பூர் மருத்துவமனையில் வெளிறிக் கிடந்த ஒரு குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஏன் இப்படி என்று கேட்டார். விடையை மறைக்காமல் எழுதினார். மறைத்திருந்தால் ஒரு படைப்பிரிவின் பெருமைக்குப் பழுதில்லை என்று சிலர் நிறைவடைந்திருப்பார்கள். வேறு பயன் எதுவும் விளைந்திராது.

அடுத்தமுறை நாம் கிராஞ்சிக்குச் செல்லும்போது, அந்தச் சுவர்களில் உள்ள பெயர்களை மற்றொரு முறை பார்ப்போம். வீரத்துக்குக் குறைவில்லாத அந்த மனிதர்களுள் எத்தனையோ பேர் இம்மரபணுவைத் தாங்கியிருக்கக்கூடும். அதனால் அவர்கள் பெருமை ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. நம் குடும்பத்தின் பெருமையும் அப்படித்தான். வீட்டில் மணப்பேச்சு எழும்போது, பொருத்தம் பார்ப்பதற்கு முன்னரோ பின்னரோ, பிள்ளைகள் இருவரையும் ஒருமுறை இரத்தச் சோதனைக்கு அனுப்பி வையுங்கள். முடிவு எதுவாயினும் அதை வெளிப்படையாகப் பேசுங்கள்.